கம்பியில்லா இணையத்துக்குப் பூட்டு



இரவில் படுக்கப் போகுமுன் தெருக்கதவைத் தாழிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். முன்கதவு, பின்கதவு, இரும்புக் கிராதி, அதன்மேல் ஒரு பெரிய பூட்டு. இத்தனையும் பார்த்த பிறகே நமக்கு உறக்கம் வருகிறது. ஆனால் அதே வீட்டில் இரவும் பகலும் திறந்தே கிடக்கும் வாசல் ஒன்று இருக்கக்கூடும். அது கண்ணுக்குத் தெரியாத வாசல். கூடத்தின் மூலையில் சின்னஞ்சிறு விளக்குகள் மினுக்க உட்கார்ந்திருக்கும் ரவுட்டர் பெட்டியிலிருந்து புறப்படும் வைஃபை அலைதான் அந்த வாசல்.

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் உரைத்த பிறகே நுழைய வேண்டும் என்பது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 27-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். அனுமதி கேட்பது வருகிறவரின் கடமை என்றால், கேட்பதற்கு ஒரு கதவை வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை அல்லவா? கதவே இல்லாத இடத்தில் அனுமதி என்ற பேச்சு எங்கிருந்து வரும்?

அந்தக் கதவை அமைத்து அதற்குப் பூட்டிடுவது எப்படி என்பதே இந்தப் பாடம். இது யந்திர நிபுணர்களின் காரியம் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். ஏன் செய்ய வேண்டும் என்பதை முதலில் விளங்கிக் கொண்டால், செய்முறை தானே எளிதாகிவிடும்.

அலைக்குச் சுவர் இல்லை

ரவுட்டர் என்பது உண்மையில் ஒரு சிறு வானொலி நிலையமே. வானொலி நிலையம் பாட்டையும் செய்தியையும் அலையில் ஏற்றி அனுப்புவது போலவே, இந்தப் பெட்டியும் நம்முடைய கடிதங்களையும் படங்களையும் அலையில் ஏற்றி அனுப்புகிறது. வானொலி பேச மட்டும் செய்யும். இது பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். அதுதான் வித்தியாசம். இதன் அலை நொடிக்கு 240 கோடி முறைக்கு மேல் அதிர்வது ஒரு வகை. 500 கோடி முறைக்கு மேல் அதிர்வது இன்னொரு வகை. முன்னதை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றும், பின்னதை 5 கிகாஹெர்ட்ஸ் என்றும் பெட்டியின் மீதும் கைபேசியிலும் காணலாம். இவ்விரண்டில் 2.4 சற்றுத் தூரம் செல்லும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கும்போது அதிகம் தளர்ந்துவிடும்.

தளருமே தவிர நின்றுவிடாது. நம் ஜொகூரில் மாசாய், ஸ்கூடாய், தெப்ராவ் பக்கத்துத் தாமான்களில் எங்கு பார்த்தாலும் தொடர் வீடுகள்தாம். ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்கள். அடுக்கு வீடுகளிலோ மேலும் கீழும் குடும்பங்கள். உங்கள் கைபேசியை எடுத்து வைஃபை பட்டியலைப் பாருங்கள். பக்கத்து வீடு, எதிர்வீடு, முனைக் கடை என்று எத்தனையோ பெயர்கள் வரிசையாகத் தெரியும். அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரிவது போலவே, உங்கள் பெயரும் அவர்களுக்குத் தெரிகிறது. தெருவில் காரை நிறுத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்நியருக்கும் அது தெரியும்.

பூட்டில்லாத வைஃபையில் இரண்டு ஆபத்துக்கள் உள்ளன. முதலாவது, ஒட்டுக்கேட்டல். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் தங்கள் தளங்களுக்குத் தாமே தனிப் பூட்டு வைத்திருப்பதால், அங்கே நாம் எழுதுவது எளிதில் வெளியே தெரியாது என்பது உண்மை. ஆயினும் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியும். வீட்டிலுள்ள கண்காணிப்புக் கேமரா, அச்சு யந்திரம், கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் கோப்புகள் ஆகியவற்றை எட்டிப் பார்க்கவும் வழி ஏற்படும். பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயம் 12-ஆம் வசனம் தடுக்கிறது. ஆனால், அந்தத் தடையை மதியாதவர்களும் உலகில் இருக்கத்தானே செய்கிறார்கள்!

இரண்டாவது ஆபத்து இதைவிடப் பெரிது. அதைத் தனியே சொல்ல வேண்டும்.

பெயர் யாருடையதோ, பொறுப்பு அவருடையது

“பக்கத்து வீட்டுப் பிள்ளை கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகட்டுமே, மாதச் சந்தா ஒன்றுதானே, நமக்கென்ன நஷ்டம்?” என்று சொல்லும் பெரிய மனதுக்காரர்கள் நம்மில் பலர். அவர்களுடைய தாராளத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு ரவுட்டரின் வழியாகப் பத்துப் பேர் இணையத்துக்குப் போனாலும், வெளியுலகுக்குப் பொதுவாக ஒரே முகவரிதான் தெரியும். அந்த முகவரி யாருடையது என்று சந்தா நிறுவனத்தைக் கேட்டால், பதிவில் இருக்கும் உங்கள் பெயரே வெளிவரும்.

நம் நாட்டின் 1950 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு திருத்தமாகச் சேர்க்கப்பட்டு, 2012 ஜூலை 31 முதல் அமலுக்கு வந்தது. ஓர் இணையச் சேவையிலிருந்து ஒரு செய்தி வெளியாகுமானால், அந்தச் சேவைக்குச் சந்தாதாரராகப் பதிவு செய்திருப்பவரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்கப்படும். அல்ல என்று நிரூபிக்கும் வரை அந்த அனுமானம் நிற்கும் என்பது அதன் சாரம். இது குற்றவாளி என்ற தீர்ப்பு அன்று. ஆயினும், “எழுதியது நான் அல்ல” என்று காட்டும் பாரம் சந்தாதாரரின் தலையில் விழுகிறது. திறந்து கிடந்த வைஃபையில் யார் யார் வந்து போனார்கள் என்று எந்தக் குடும்பத் தலைவரால் கணக்குச் சொல்ல முடியும்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். 2005 இல் ஒருவர், அண்டை வீட்டாரின் பூட்டில்லாத வைஃபையின் வழியாக, குண்டு பற்றிய பொய்ச் செய்தி ஒன்றை இணையத்தில் எழுதினார். 2007 இல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே 2007 இன் தொடக்கத்தில், அண்டை வீட்டாரின் வைஃபையை அனுமதியின்றி உபயோகித்த 17 வயது இளைஞர் ஒருவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும், அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவதை 1997 ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. பிறர் வைஃபையில் ஓசியாகப் புகுவது விளையாட்டல்ல என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இந்தியாவில் நடந்தது இன்னும் கொடியது. 2008 ஜூலை 26 அன்று அஹமதாபாத் நகரில் தொடர் குண்டுகள் வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. அது புறப்பட்ட முகவரியைப் போலீஸார் தேடிப் போனபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றார்கள். அவருடைய கணினிகள் சோதனைக்கு எடுக்கப்பட்டன. அவர் விசாரணைக்கு ஆளானார். பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ உபயோகித்துக்கொண்டார்கள் என்பது பின்னரே தெளிவாயிற்று. இதன் பின், 2009 ஜனவரியில், பூட்டில்லா வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று மும்பைப் போலீஸார் தெருத்தெருவாகப் பார்க்கத் தொடங்கினர்.

தான் அறியாத ஒரு பாவத்துக்காகத் தன் வாசலில் போலீஸ் வண்டி வந்து நிற்பதை நம்மில் யார் விரும்புவோம்? அப்படி வந்து நின்றால், உண்மை வெளியாகும் வரை அக்கம்பக்கத்தாரின் வாயை யார் மூடுவது? குடும்பத்தின் மானமும் சமூகத்தின் நற்பெயரும் ஒரு சிறு பூட்டில் தங்கியிருக்கின்றன என்றால் அது மிகையாகாது.

பூட்டின் வரலாறு

சங்கேத மொழியில் எழுதுவதும், அதை அவிழ்ப்பதும் புதிய வித்தை அல்ல. சங்கேதத்தை அவிழ்க்கும் கலையைச் சாஸ்திரமாக முதலில் எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி ஆவார். எந்த மொழியிலும் சில எழுத்துக்கள் அடிக்கடி வரும், சில எழுத்துக்கள் அரிதாக வரும். எழுத்துக்களை மாற்றி எழுதினாலும் அந்த ஒழுங்கு மாறாது. ஆகவே, சங்கேதக் கடிதத்தில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று அவர் காட்டினார். எந்தப் பூட்டில் ஏதேனும் ஓர் ஒழுங்கு எஞ்சி நிற்கிறதோ அந்தப் பூட்டு என்றேனும் உடையும் என்பது, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த முஸ்லிம் அறிஞர் உலகுக்குத் தந்த பாடம்.

வைஃபையின் முதற்பூட்டுக்கு நேர்ந்தது அதுவே. டபிள்யூ.இ.பி. என்ற அந்தப் பூட்டு 1990-களின் இறுதியில் வந்தது. அதன் சங்கேதத்தில் ஒழுங்கு எஞ்சி நிற்பதை 2001 இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று அறிஞர்கள் நிரூபித்தார்கள். 2007 இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகர ஆராய்ச்சியாளர்கள், அதை ஒரு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று காட்டினார்கள். அதே ஆண்டில், அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய கடை நிறுவனத்திலிருந்து 4 கோடியே 57 இலட்சம் வங்கி அட்டைகளின் விவரம் களவு போன செய்தி வெளியாயிற்று. அக்கடைகளின் வைஃபைக்கு அப்போதும் அந்தப் பழைய பூட்டே இருந்தது.

2003 இல் டபிள்யூ.பி.ஏ. என்ற இடைக்காலப் பூட்டும், 2004 இல் டபிள்யூ.பி.ஏ.2 என்ற வலுவான பூட்டும் வந்தன. இந்த இரண்டாவதன் உள்ளே இருப்பது ஏ.இ.எஸ். என்னும் சங்கேத முறை. பெல்ஜிய அறிஞர் இருவர் அமைத்த அதனை 2001 இல் அமெரிக்க அரசாங்கம் தன் பொது முறையாக ஏற்றது. அதன் சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிக்க உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் இயலாது. 2018 இல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. இன்று நமக்கு ஏற்றவை இந்த இறுதி இரண்டு மட்டுமே.

பூட்டு வலுவானதாக இருந்தும் திருடன் எப்படி வருகிறான்? சாவியை ஊகித்துத்தான் வருகிறான். டபிள்யூ.பி.ஏ.2 இல் ஒரு கைபேசி ரவுட்டருடன் இணையும்போது, இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றை வெளியிலிருந்து பிடித்து வைத்துக்கொண்டவன், தன் வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். இன்றைய வலிமையான கணினி அட்டை ஒன்று நொடிக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் ஊகங்களைச் சோதித்துவிடும். நம்மவர் பலர் கைபேசி எண்ணையே சொல்லாக வைக்கிறார்கள். 012 என்று தொடங்கும் ஏழிலக்க எண்கள் மொத்தம் ஒரு கோடிதான். பத்து இலட்சம் வீதம் பார்த்தால் பத்தே நொடி! எட்டு இலக்க எண் எதுவானாலும் நூறு நொடி. ஆனால் 5,000 சொற்களுள்ள ஒரு பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஐந்து சொற்களை எடுத்துக் கோத்தால், அதே வேகத்தில் அனைத்தையும் பார்த்து முடிக்கச் சுமார் 99,000 ஆண்டுகள் பிடிக்கும். பத்து நொடி எங்கே, தொண்ணூற்றொன்பதாயிரம் ஆண்டுகள் எங்கே!

செய்முறை

இனிக் காரியத்தில் இறங்குவோம். எல்லாம் ரவுட்டரின் உள்ளே இருக்கும் பக்கத்தில் செய்ய வேண்டியவை. பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி சற்று மாறினாலும் கருத்து ஒன்றே.

1. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அதில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றிருக்கும். நிர்வாகத்துக்கான பெயரும் கடவுச்சொல்லும் அதிலேயே இருக்கும். சீட்டைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. கணினியை ரவுட்டருடன் கம்பி மூலம் இணைத்து, பிரௌசரின் முகவரிக் கட்டத்தில் அந்த எண்களைத் தட்டுங்கள். கம்பி இல்லையேல் கைபேசியிலிருந்தே செய்யலாம். இடையில் இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம். புதிய சொல்லைக் கொடுத்து மீண்டும் சேரலாம்.

3. முதல் வேலையாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வைஃபையில் சேரும் சொல் அன்று. ரவுட்டரின் அமைப்பையே மாற்றும் உரிமை தரும் சொல். முன்னது வாசல் சாவி என்றால், இது வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டகத்தின் சாவி. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

4. ‘ஃபர்ம்வேர் அப்டேட்’ என்ற இடத்தைத் தேடி, ரவுட்டரின் உள்மென்பொருளைப் புதுப்பியுங்கள். 2017 இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர் ஒருவர் டபிள்யூ.பி.ஏ.2 இணையும் முறையிலேயே ஒரு குறையை வெளியிட்டார். அந்தக் குறையை அடைத்தவை இத்தகைய புதுப்பிப்புகளே. கைபேசியையும் கணினியையும் அவ்வாறே புதுப்பிக்க வேண்டும்.

5. ‘வயர்லெஸ்’ என்ற பகுதிக்குப் போய் வைஃபையின் பெயரை மாற்றுங்கள். எஸ்.எஸ்.ஐ.டி. என்று அதைக் குறித்திருப்பார்கள். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், கைபேசி எண் ஆகியவற்றைப் பெயராக இட வேண்டாம். பெட்டியுடன் வந்த பெயரையும் விட்டுவைக்க வேண்டாம். டபிள்யூ.பி.ஏ.2 சாவி, நீங்கள் இடும் சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 முறை கலக்கிக் கடைந்து செய்யப்படுவது. எல்லோரும் வைத்திருக்கும் பொதுப்பெயர் என்றால், திருடர்கள் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல் அவர்களுக்கு உதவும்.

6. ‘செக்யூரிட்டி’ என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கைபேசிகள் வீட்டில் இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் சேர்ந்த முறையை வையுங்கள். அதுவும் இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்பது போதும். ‘ஓப்பன்’ என்பதும், டபிள்யூ.இ.பி. என்பதும், டி.கே.ஐ.பி. என்பதும் கூடவே கூடாது. இவை தவிர வேறு இல்லாத பழைய பெட்டி என்றால், அதை ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

7. வைஃபைச் சொல்லை இடுங்கள். 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இடலாம். எட்டோடு நிற்க வேண்டாம். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் திறந்து, விரல் பட்ட சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் கோத்து எழுதுங்கள். ஏணி, புளி, மரக்கலம், திங்கள், கொடுக்கு என்பது போல. இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள், அச்சில் வந்த சொல் இரகசியமல்ல! பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, 786 என்ற எண்ணை மூன்று முறை அடுக்குவது ஆகியவை நம்மவரிடம் சகஜம் என்பது திருடனுக்கும் தெரியும்.

8. சில ரவுட்டர்களில் 2.4 க்கும் 5 க்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுவது பலர் செய்யும் பிழை. இரண்டையும் பாருங்கள்.

9. டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள். சொல்லைத் தட்டும் சிரமமின்றி எட்டிலக்க எண்ணால் இணைவதற்காக வந்தது அது. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், 11,000 முயற்சிகளுக்குள் அது அகப்பட்டுவிடும் என்பது 2011 டிசம்பரில் வெளியாயிற்று. ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்பதையும் அணையுங்கள். வெளியூரிலிருந்து உங்கள் ரவுட்டரை நிர்வகிக்க வேண்டிய அவசியம் சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை.

10. ‘சேவ்’ என்பதை அழுத்தி முடித்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் புதிய சொல்லைக் கொடுத்து இணையுங்கள். தொலைக்காட்சி, கேமரா, அச்சு யந்திரம் ஆகியவற்றை மறக்க வேண்டாம். இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் ரவுட்டரில் இருக்கும். நமக்குத் தெரியாதது ஏதேனும் அதில் உண்டா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஒரு ஜாக்கிரதை. பெட்டியின் பின்புறம் ‘ரீசெட்’ என்று ஒரு சிறு துளை இருக்கும். ஏதாவது குழம்பிவிட்டால் அதில் ஊசியை விடலாம் என்று யாராவது சொல்வார்கள். சந்தா நிறுவனம் இட்டு வைத்த அமைப்பும் அதனால் அழிந்து, இணையமே நின்றுபோகக் கூடும். நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே அதைத் தொடுங்கள்.

ஐயமும் விடையும்

வைஃபையின் பெயரை யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்தால் போதாதா?

போதாது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழை நினைத்துப் பாருங்கள். அந்த எழுத்து அறியாதவருக்கு அது விளங்காது. ஆனால் அறிந்தவருக்கு அது திறந்த புத்தகமே. மறைவாக இருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு. பெயரை மறைத்தாலும், கருவிகள் இணையும்போது அலையில் அப்பெயர் வெளிப்பட்டுவிடும். தேடத் தெரிந்தவன் எடுத்துவிடுவான்.

விருந்தாளி வந்து சொல்லைக் கேட்டால் இல்லை என்பதா?

அப்படி வேண்டியதில்லை. இன்றைய ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று விருந்தினருக்கான தனி வைஃபை உண்டு. அதற்கு வேறு பெயர், வேறு சொல் கொடுங்கள். அதுவும் பூட்டியே இருக்கட்டும். வந்தவர் இணையத்தை உபயோகிப்பார். உங்கள் கணினிக்கும் கேமராவுக்கும் பக்கம் வரமாட்டார். விருந்தினரை வரவேற்பறையில் அமர்த்துகிறோம். அதனால் அவரை அவமதித்தவராகிவிடுவோமா? அண்டை வீட்டில் வசதியற்ற மாணவர் இருந்தால் அவருக்கும் இவ்வழியே உதவலாம். பூட்டு தாராளத்துக்குப் பகை அல்ல. யாருக்குக் கொடுத்தோம் என்று அறிந்து கொடுக்கும் தாராளமே நிலைக்கும்.

சொல்லை மறந்துவிட்டால்?

ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டும் நிலப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வையுங்கள். ரவுட்டரின் மீதே ஒட்டி வைப்பது, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

பூட்டிட்டபின் மோசடியிலிருந்து முழுக்கத் தப்பிவிட்டோமா?

இல்லை. இந்தப் பூட்டு உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள அலையைக் காக்கும். அதற்கு அப்பால் அது வராது. வங்கி அதிகாரி என்று பொய் சொல்லித் தொலைபேசியில் பேசுகிறவனுக்கு நாமே இரகசிய எண்ணைச் சொன்னால், எந்தப் பூட்டும் நம்மைக் காக்காது.

பள்ளிவாசல், மதரஸா, கடை

வீட்டுக்குச் சொன்னது பொது இடங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பிள்ளைகளின் குர்ஆன் பாடமும் சங்கக் கூட்டமும் கைபேசித் திரைக்கு வந்துவிட்டன. அன்று அவசரத்தில் அமைத்த வைஃபை இன்னும் அப்படியே இருக்கும் இடங்கள் இருக்கக்கூடும். அலுவலகக் கணினியில் என்னென்ன இருக்கின்றன? உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்கள், கைராத் எனப்படும் மரண சகாய நிதியின் கணக்கு, விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் கொடுத்த உதவியின் விவரம். வாங்கியவர் வெளியே தெரியக்கூடாது என்று எண்ணி நாம் கொடுத்த உதவியின் பட்டியல், பூட்டில்லா அலையால் ஊராருக்குத் தெரிந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

ஆகவே அலுவலகத்துக்கு ஒரு வைஃபை, வந்து போகும் ஜமாஅத்தாருக்கு ஒரு விருந்தினர் வைஃபை என்று பிரித்துவிடுங்கள். ஒரே சொல்லைப் பலர் அறிந்திருந்தால், டபிள்யூ.பி.ஏ.2 இல், அந்தச் சொல்லை அறிந்த ஒருவர் இன்னொருவரின் அலையை அவிழ்க்கவும் கூடும். நிர்வாகிகள் மாறும்போது கணக்குப் புத்தகத்தையும் பெட்டிச் சாவியையும் ஒப்படைக்கிறோம். அவற்றோடு வைஃபைச் சொல்லையும் மாற்றி ஒப்படைப்பது ஒரு விதியாகட்டும்.

உணவகமும் நாணய மாற்றுக் கடையும் நடத்தும் நம் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பது நல்லதே. ஆனால் தேநீர் அருந்த வந்தவரும், உங்கள் கல்லாப்பெட்டிக் கணினியும், வங்கி அட்டை யந்திரமும் ஒரே வைஃபையில் இருக்கலாகாது. டி.ஜே.எக்ஸ். நிறுவனத்தின் கதையை நினைவில் வையுங்கள். வாடிக்கையாளருக்கான சொல்லையும் அவ்வப்போது மாற்றி வாருங்கள்.

ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் சேர்ப்பிக்கும்படி அந்நிஸா அத்தியாயம் 58-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பணமும் நகையும் மட்டுமே அமானத் என்று நாம் எண்ணிவிடலாகாது. மனைவி மக்களின் கடிதம், உறுப்பினரின் விவரம், வாடிக்கையாளரின் அட்டை எண் ஆகிய அனைத்தும் நம் ரவுட்டரின் வழியே போகும் அமானத்துக்களே.

இந்த இதழைப் படித்து முடித்தவுடன் எழுந்து போய் அந்தப் பெட்டியின் அடிச்சீட்டைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததும், அக்கம்பக்கத்தில் தனித்து வாழும் முதியவர் வீட்டுக்கும் போய், ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, அவருக்கும் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். கற்றதைப் பிறருக்குப் பயன்படச் செய்யும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.